'தி கிரேன்ஸ் ஆர் ஃபிளையிங்' படத்தை ஏன் 'பனி உருகும் காலத்துப் படம்' என்கிறார்கள்?

ஸ்டாலின் 1953-ல் இறந்தபின் சோவியத் நாட்டில் கெடுபிடிகள் கொஞ்சம் தளர்ந்த வருடங்களைத்தான் 'பனி உருகும் காலம்' என்பார்கள். 1957-ல் மிகயீல் கலதோசவ் இயக்கிய, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நடக்கிற இந்தக் காதல் படம் அதன் முக்கிய அடையாளம்.

அதற்கு முன் வந்த போர்ப் படங்களில் பெரும்பாலும் தளபதிகளும் வெற்றியும்தான். வீட்டில் காத்திருந்தவர்களின் வலிக்கு இடம் குறைவு. சாவு வீட்டில் வந்தவர்களைக் கவனிக்கிற அவசரத்தில் அழாமலே இருந்த அம்மா, எல்லோரும் போனபின் அடுப்படியில் உடைந்து அழுவாரே, அப்படியொரு அழுகை இந்தப் படம்.

நாயகன் போரிஸ் தானாகவே படையில் சேர்கிறான். வழியனுப்ப ஓடிவரும் காதலி வெரோனிகாவால் கூட்டத்தைத் தாண்டி அவனை நெருங்க முடியவில்லை. கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை அவன் பக்கம் எறிகிறாள். அது அவனைச் சேராமல், நடந்துபோகிறவர்களின் காலடியில் நசுங்குகிறது. எனக்கு அந்தப் போர் முழுவதும் அந்த நொறுங்கிய பிஸ்கட்டில் இருக்கிறது. பிறகு குண்டுவீச்சில் பெற்றோரை இழந்தவளைச் சேர்த்துக்கொள்வது போரிஸின் குடும்பம்தான்.

இதை அரசுக்குத் தெரியாமல் எடுத்த படம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அரசின் மாஸ்ஃபிலிம் நிறுவனமே தயாரித்தது, 1958-ல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருதும் வாங்கியது.