ஏ வகை இரத்தம் என்றால் வயிற்றுப் புற்றுநோய் வருமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன், வயது 47. கோயிலில் நடந்த இரத்ததான முகாமில் எனக்கு ஏ வகை, என் கணவருக்கு ஓ வகை என்றார்கள். ஏ வகைக்காரர்களுக்கு வயிற்றுப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸாப்பில் வந்தது. என் அப்பா அந்த நோயில்தான் இறந்தார். பயமாக இருக்கிறது. கணவருக்கு ஒன்றுமில்லை. செம்பனைக் குலை வெட்டுகிறார், கொஞ்சம் காஸ்ட்ரிக், இடுப்புவலிக்குப் போன்ஸ்டான் என்ற வலி மாத்திரை போடுவார், அவ்வளவுதான்.

பதில்: அம்மா, அந்தச் செய்தி முழுப் பொய் இல்லை. ஏ வகைக்காரர்களுக்கு வயிற்றுப் புற்றுநோய் சற்று அதிகம் என்று 1953-இலேயே இங்கிலாந்து மருத்துவர்கள் எழுதினார்கள். பிறகு வந்த பெரிய ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. ஆனால் அந்த 'சற்று' எவ்வளவு? சுமார் 20 சதவீதம். ஓ வகையில் ஆயிரம் பேரில் 10 பேருக்கு வந்தால், ஏ வகையில் 12 பேருக்கு வரும். இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இரத்த வகை பார்த்துச் சாப்பாட்டை மாற்றவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நான் நின்று படித்தது அப்பாவைப் பற்றிய வரியைத்தான். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்தப் புற்றுநோய் இருந்தால், ஆபத்து இரண்டு மூன்று மடங்காகிறது. அதோடு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் வயிற்றில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வயிற்றுப் புண்ணுக்கும் புற்றுநோய்க்கும் பெரிய காரணம் இதுதான். மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட நம் இந்தியர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனையிலேயே தெரிந்துவிடும். இருந்தால் பெரும்பாலும் 14 நாள் மருந்து. பிறகு கிருமி போய்விட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும். கிளினிக்கில் அப்பா கதையை முதலில் சொல்லுங்கள், ஸ்கோப் (குழாய் விட்டு வயிற்றின் உள்ளே பார்க்கும் சோதனை) தேவையா என்றும் கேளுங்கள். காஸ்ட்ரிக் மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள். சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே சில மாத்திரைகளை நிறுத்தாவிட்டால், கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும்.

சரி, 'ஒன்றுமில்லை' என்ற கணவருக்கு வருவோம். எனக்கு அவசரமாகத் தெரிவது அவர்தான். ஓ வகைக்காரர்களுக்குக் குடற்புண் கொஞ்சம் அதிகம் வரும். இரத்தம் உறைய உதவும் ஒரு புரதம் அவர்களுக்கு ஏறக்குறைய கால்பங்கு குறைவு என்பதால், புண் வந்தால் கசிவதும் எளிது. ஆனால் இரத்த வகையைவிடப் பெரிய ஆபத்து அந்தப் போன்ஸ்டான். விடியற்காலையில் வெறும் கோப்பியோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, நாள் முழுக்கக் குலை வெட்டுபவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். வலி அடங்கும், வயிற்றின் உள்தோல் அரிக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டாலும் அந்த ஆபத்து போகாது. போன்ஸ்டானை நிறுத்தச் சொல்லுங்கள். டாக்டர் பார்க்கும் வரை, ஈரல் நோய் இல்லையென்றால், அளவோடு பெனடோல் (பாராசிட்டமால்) போடலாம். கடையில் விற்கும் மூட்டுவலி ஜாமு என்ற மூலிகை மருந்தும் வேண்டவே வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது.

இந்த வாரமே இருவரும் சேர்ந்து போங்கள். அவரிடம் வெட்கப்படாமல் ஒன்று கேளுங்கள்: மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, நாற்றமாகப் போகிறதா? கோப்பித் தூள் போல வாந்தி எடுத்தாரா? நடந்தால் மூச்சு வாங்குகிறதா, தலை சுற்றுகிறதா? இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். அவர் அதைச் சாப்பிடாமலே மலம் கறுத்திருந்தாலோ, மற்ற அறிகுறிகளில் ஒன்று இருந்தாலோ, கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். இரவானாலும் சரி, ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.