போரடிக்கிற மாட்டின் வாய்

கேள்வி: விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி, வேதாகமத்தில் உபாகமம் 25-ஆம் அதிகாரத்தை உரக்க வாசித்தாள். நான்காம் வசனத்தில் ‘போரடிக்கிற மாட்டை வாய் கட்டாயாக’ என்பதைக் ‘கட்டாயமாக’ என்று படித்துவிட்டு, “மாடு எப்படித் தாத்தா போரடிக்கும்? போரடித்தால் அதன் வாயை ஏன் கட்டாயமாகக் கட்ட வேண்டும்?” என்று கேட்டாள். சிரித்துவிட்டேன்; விளக்கப் போனபோதுதான் எனக்கே தடுமாறியது. எங்கள் ஊரில் இன்று களமும் இல்லை, போரடிக்கும் மாடும் இல்லை. ஆயருடைய சம்பளத்தைப் பற்றிப் பேசும் ஞாயிறுகளில் மட்டுமே இந்த வசனத்தை ஆலயத்தில் கேட்டிருக்கிறேன். பவுலும் ‘தேவன் மாடுகளுக்காகவே கவலையாயிருக்கிறாரோ?’ என்று கேட்டுவிட்டார். அப்படியானால் இந்த வசனத்துக்கு இன்று என்னதான் வேலை?
- வாசகர், மன்னார்குடி வட்டம்

பதில்: உங்கள் பேத்தியின் மேல் பிழை இல்லை. ‘கட்டாயாக’ என்பது ‘கட்டாதே’ என்பதன் பழைய வடிவம். இன்று வேதாகமத்துக்கு வெளியே அதை அவள் எங்கே பார்த்திருக்கப் போகிறாள்? ‘போரடிக்கிறது’ என்றால் சலிப்பு என்றே பொருள் கொள்ளும் தலைமுறைக்கு, அறுத்த தாளைப் போராகக் குவித்து, பின்னர் பிரித்துப் பரப்பி, மாடுகளை அதன்மேல் சுற்றவிட்டு மிதிக்கச் செய்யும் வேலைக்கும் அதுவே பெயர் என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

அந்த வேலையைக் கண்ணால் கண்டவன் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். கட்டுகளைக் கையால் ஓங்கி அடித்து முதல் நெல்லை உதிர்த்த பிறகும் தாளில் மணி மிச்சமிருக்கும். அந்தத் தாளைக் களத்தில் வட்டமாகப் பரப்பி, நான்கைந்து மாடுகளை ஒரே கயிற்றில் பிணைத்து ஓட்டுவார்கள். மாடு வாலைத் தூக்கியதும் ஓடிப்போய், சாணம் நெல்லில் விழுந்துவிடாமல் வைக்கோல் பிரியில் ஏந்திக்கொள்வது என்னைப் போன்ற சிறுவர்களின் வேலை. நடக்கிற மாடு இடையிடையே தலையைத் தாழ்த்தி நாக்கைச் சுழற்றி ஒரு வாய் அள்ளும். அதைத் தடுக்கவே கயிற்றால் பின்னிய வாய்க்கூடு. கட்டியவர்கள் எல்லாரும் கஞ்சர்கள் என்று சொல்லிவிட முடியாது. நெல்லை மிதமிஞ்சித் தின்ற மாட்டுக்கு வயிறு ஊதிவிடும் என்ற பயமும் இருந்தது, அது நியாயமான பயம். யூத ரபிமார்களும் இதே சந்தேகத்தைத் தங்கள் சட்ட விளக்க நூலான தால்மூதில் எழுப்பியிருக்கிறார்கள்: தானியம் மாட்டுக்குக் கெடுதி செய்தால் என்ன செய்வது? அதற்கு ஒத்துக்கொள்ளும் வேறு தீனியை அதன் முன்னால் தொங்கவிடலாம் என்று அங்கே ஒரு யோசனை சொல்லப்படுகிறது.  இந்தக் கட்டளை மாட்டுக்கு மட்டுமன்றி மற்ற விலங்குகளுக்கும் பறவைகளுக்கும்கூடப் பொருந்தும் என்று அதற்கு முந்திய சட்டத் தொகுப்பான மிஷ்னாவே சொல்லிவிடுகிறது.

வசனம் புதிராகத் தோன்றுவதற்கு அது நிற்கும் இடமும் ஒரு காரணம். முன்னே குற்றவாளிக்கு நாற்பது அடிக்கு மேல் கூடாது என்ற சட்டம், பின்னே இறந்தவனின் மனைவியைச் சகோதரன் ஏற்பதைப் பற்றிய சட்டம், நடுவில் ஒரே வரியில் மாடு. ஆனால் இரண்டு அதிகாரம் பின்னோக்கிப் புரட்டினால் மாடு தனியாக நிற்கவில்லை என்பது தெரியும். பிறனுடைய வயலில் கதிரைக் கையால் கொய்து தின்னலாம், அரிவாளை மட்டும் வைக்கக்கூடாது என்கிறது 23-ஆம் அதிகாரம். ஏழைக் கூலியாளுக்கு அன்றைய கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும், வயலில் மறந்து விட்ட அரிக்கட்டை அந்நியனுக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் விட்டுவிட வேண்டும் என்கிறது 24-ஆம் அதிகாரம். விளைச்சலுக்கு அருகில் பசியோடு நிற்கும் வாய்களைப் பற்றிய சட்டங்களே இவையெல்லாம். அவற்றுள் பேசத் தெரியாத ஒரே வாய் மாட்டினுடையது.

இனி, பவுலிடம் வருவோம். ஊழியருக்குப் பிழைப்பு உரியது என்று வாதிடும் 1 கொரிந்தியர் 9-இல் அவர் கேட்டது ‘தேவனுக்கு மாடுகளைப் பற்றியா கவலை?’ என்பதே. மூலக் கிரேக்கத்தில் ‘மட்டும்’ என்ற பொருளில் எந்தச் சொல்லும் இல்லை. நாம் வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்போ ‘மாடுகளுக்காகவே’ என்று ஓர் ஏகாரத்தைச் சேர்த்து, மாட்டை முற்றிலும் கைவிடாமல் காப்பாற்றிவிட்டது. அந்த ஏகாரம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் மாட்டுக்குரியது மாட்டுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டால்தான் ‘அப்படியானால் மனிதனுக்கு எவ்வளவு’ என்ற பவுலின் வாதம் நிற்கும். அச்சு நூலில் இந்த வசனம் டெல்டா மக்களைப் பவுலின் வழியாகத்தான் முதலில் வந்தடைந்தது. தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்துவிட்டு 1719-இல் அவர் மறைந்தார், உபாகமம் அதன் பிறகே அச்சேறியது. ஆயரின் சம்பளத்தோடு மட்டும் நாம் இதைச் சேர்த்துப் பேசுவதற்கு அந்த வரிசையும் ஒரு காரணமோ என்று சில வேளை நினைப்பதுண்டு. அதே அதிகாரத்தில், தனக்கு உரிமை இருந்தும் அதைத் தான் பயன்படுத்தவில்லை என்று பவுல் எழுதியிருப்பதை மட்டும் காணிக்கை ஞாயிறுகளில் யாரும் வாசிப்பதில்லை.

நம் மண்ணில் இந்த வசனத்துக்கு வேறொரு கணக்கும் இருக்கிறது. களத்தில் நெல்லைக் குவித்தவனுக்கு அந்த நெல்லில் எத்தனை மரக்கால் என்பதுதான் நெடுங்காலம் தஞ்சையின் வழக்காக இருந்தது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னும் கூலி நெல்லைச் சற்றுக் கூட்டிக் கேட்ட பகை மூண்டு, 1968-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மடிந்தார்கள். மறு ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. இத்தனையும் நடந்த மண்ணில் இருந்துகொண்டு, இந்த வசனத்தை மாட்டைப் பற்றிய பழங்கதை என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

இன்று பெல்ட் வண்டி என்னும் அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் அறுப்பும் அடிப்பும் ஒன்றாக முடிந்துவிடுகிறது. அதன் வாயை யாரும் கட்டுவதில்லை; டீசலும் மணிக்கணக்கு வாடகையும் வரப்பிலேயே கைமாறுகின்றன. களை பறித்த பெண்களிடம் மட்டும், ‘கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் கணக்கில் ஏறியதும் தருகிறேன்’ என்கிறோம். அறுப்பின் பண்டிகைக்கு நெல் மூட்டை கொண்டுவருகிறவர்களுள்ளும் அப்படிச் சொன்னவர்கள் உண்டு; நானும் ஒரு வருடம் சொல்லியிருக்கிறேன்.

பேத்தி மீண்டும் வரும்போது, 25-ஆம் அதிகாரத்துக்கு முன்னால் 24-ஆம் அதிகாரத்தின் 14, 15 வசனங்களை வாசிக்கச் சொல்லுங்கள். ‘கட்டாயாக’ என்பதன் மேலே ‘கட்டாதே’ என்று பென்சிலால் எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை தடுக்காது.