பார்வைக்கோடு: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: வானியல் கட்டுரை ஒன்றில் 'பார்வைக்கோட்டுத் திசைவேகம்' என்ற தொடரைப் படித்தேன். பார்வைக்கோடு என்பதும் கண்ணுக்கெட்டிய தூரம் என்பதும் ஒன்றுதானா?
- திண்டுக்கல் வாசகர்

பதில்: ஒன்றல்ல. கண்ணுக்கெட்டிய தூரம் ஓர் அளவு. மேட்டில் ஏறி நின்றால் கூடும், மூடுபனி கவிந்தால் குறையும். பார்வைக்கோடு என்பதோ காண்பவரின் கண்ணையோ கருவியையோ காணப்படும் பொருளோடு இணைப்பதாக நாம் கருதிக்கொள்ளும் நேர்கோடு. பொருள் பத்தடியில் இருந்தாலும் பல ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருந்தாலும் அச்சொல் பொருந்தும்.

நில அளவையில் இக்கோட்டை எதுவும் மறிக்கக் கூடாது. 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு, அதாவது மற்றத் தூரங்களைக் கணக்கிட அடிப்படையாகும் கோடு, அளந்த நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன், குன்றுகள் இல்லாத, தென்னைகள் மறைக்கும் காவிரிச் சமவெளிக்கு வந்தபோது கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்ற வேண்டியதாயிற்று. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கயிறு அறுந்து, சுமார் அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட் என்னும் கோணம் அளக்கும் கருவி சுவரில் மோதிச் சேதமடைந்தது இந்த முயற்சியில்தான்.

நீங்கள் படித்த தொடருக்கு வருவோம். விண்பொருளின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், அதில் குறிப்பிட்ட இடங்களில் மெல்லிய வரிகள் தெரியும். ஒளி தரும் பொருள் நெருங்கினால் இவ்வரிகள் நீலத்தின் பக்கமும், விலகினால் சிவப்பின் பக்கமும் இடம்பெயரும்; இதுவே டாப்ளர் விளைவு. இந்த இடப்பெயர்வைக் கொண்டு அப்பொருள் நம்மை நோக்கி வரும் அல்லது விலகும் வேகத்தைக் கணக்கிடலாம். அதுதான் பார்வைக்கோட்டுத் திசைவேகம். குறுக்காகச் செல்லும் வேகம் இம்முறையில் பிடிபடுவதில்லை. இதற்கு அருமையான சான்று உங்கள் மாவட்டத்திலேயே, கொடைக்கானல் வானாய்வகத்தில் கிடைத்தது. அங்கே 1909-இல் வானியலாளர் ஜான் எவர்ஷெட், சூரியப் பரப்பில் கருமையாகத் தெரியும் சூரியப் புள்ளிகளின் புறநிழற்பகுதியில் (இருண்ட நடுப்பகுதியைச் சூழ்ந்த, சற்றே வெளிறிய வளையத்தில்) வாயு புள்ளியின் மையத்திலிருந்து வெளிநோக்கி, ஏறக்குறைய சூரியப் பரப்பை ஒட்டியே பாய்வதைக் கண்டறிந்தார். புள்ளி சூரிய வட்டத்தின் நடுவில் இருக்கும்போது அப்பாய்ச்சல் பார்வைக்கோட்டுக்குச் செங்குத்தாக அமைவதால் வரிகள் அநேகமாக நகர்வதில்லை. சூரியனின் சுழற்சியால் புள்ளி விளிம்பை நெருங்கும்போதோ, வட்ட மையத்தை நோக்கிய பக்கத்தில் வரிகள் நீலத்தின் பக்கமும், விளிம்பை நோக்கிய பக்கத்தில் சிவப்பின் பக்கமும் நகர்கின்றன. வாயுவின் ஓட்டம் அதேதான். நம் பார்வைக்கோட்டோடு அது கொள்ளும் கோணம்தான் மாறுகிறது.

எழுதுவோர் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. இரு விண்மீன்கள் ஏறக்குறைய ஒரே பார்வைக்கோட்டில் உள்ளன என்றால் அவை அருகருகே உள்ளன என்று பொருளாகாது. ஒன்றுக்கு வெகு பின்னால் மற்றொன்று இருக்கலாம்.