மெனுவில் ‘பார்மேசன்’ என்றிருந்தால் போதுமா?

கேள்வி: நான் முட்டையும் சேர்க்காத சைவ உணவுக்காரன். இத்தாலிய உணவகமொன்றில் ‘சைவம்’ என்று குறித்திருந்த பீட்சாவை வாங்கினேன். மேலே தூவியிருந்தது பார்மேசன் சீஸ் என்று மெனுவில் இருந்தது. அது சைவமே அல்ல என்கிறார் நண்பர். பாலில் செய்த பொருள் எப்படி அசைவமாகும்?

பதில்: நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிக்கல் பாலில் இல்லை, அதை உறையவைக்கச் சேர்க்கும் ரென்னட்டில் இருக்கிறது. இத்தாலியின் பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மொதெனா முதலிய பகுதிகளில் மட்டுமே தயாராகும் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற மூலச் சீஸுக்கு, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதும், குறைந்தது 12 மாதங்கள் முதிர வைக்க வேண்டும் என்பதும் அதன் புவிசார் குறியீட்டு விதிகளிலேயே உள்ளன. ஆகவே சீஸ் எவ்வளவுக்கு அசலோ, அவ்வளவுக்கு அது உங்களுக்கு ஆகாது.

மெனுவில் உள்ள ‘பார்மேசன்’ என்ற சொல் அசலைத்தான் குறிக்கிறதா என்பது நீங்கள் எந்த நாட்டில் சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்தச் சொல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவையே நினைவூட்டுகிறது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்ததால், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு சீஸை அந்தப் பெயரில் விற்க முடியாது. அமெரிக்காவிலோ அது வெறும் பொதுப்பெயர். 10 மாதங்கள் முதிர்ந்து, ஈரப்பதம் 32 சதவீதத்துக்கு மிகாமல் இருந்தால் எங்கே செய்த சீஸையும் அப்படி அழைக்கலாம், கன்று ரென்னட்டுக்குப் பதிலாக வேறு நொதிகளையும் சேர்க்கலாம். நுண்ணுயிரிகளிலிருந்து எடுத்த ரென்னட் சேர்த்த சீஸ் சைவர்களுக்கு ஏற்றதே. எனவே உணவகத்தில் “இது பார்மேசனா?” என்று கேட்பதைவிட “இதில் என்ன ரென்னட்?” என்று கேளுங்கள், பணியாளர் விழித்தால், சீஸ் வந்த உறையின் பொருள் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். முழுத் துண்டாக வாங்கியிருந்தால் அதன் தோலைப் பார்த்தாலே போதும்: அசலில் பெயர் புள்ளி புள்ளியாகச் சுற்றிலும் பொறிக்கப்பட்டிருக்கும். துருவித் தூளாக வந்ததில் அந்தச் சாட்சியம் போய்விடுகிறது. கட்டிபிடிக்காமலிருக்கச் சேர்க்கும் செல்லுலோஸும் பெரும்பாலும் தூளில்தான் இருக்கும்.

முட்டை சேர்க்காதவர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பார்மேசனுக்கு மாற்றாகப் பல சமையலறைகளில் புழங்கும் கிரானா பதானோவிலும் கன்று ரென்னட்தான். அதோடு முட்டை வெள்ளைக்கருவிலிருந்து எடுக்கும் லைசோசைம் என்ற பொருளையும் சேர்ப்பதுண்டு. ‘சைவம்’ என்று குறித்தவர் இதை யோசித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: என் மகளுக்குப் பால் ஒவ்வாமை. மலிவு பீட்சாக்களில் பாலுக்குப் பதில் தாவர எண்ணெயில் செய்த போலிச் சீஸ்தான் இருக்கும் என்கிறார்கள். அப்படியானால் அவள் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். அத்தகைய பொருள்களில் பால் கொழுப்பை நீக்கிவிட்டுப் பாமாயில் போன்றவற்றைச் சேர்த்தாலும், உருகி இழுபடும் தன்மைக்காகப் பால் புரதமான கேசினை விட்டுவைப்பது வழக்கம்; பால் ஒவ்வாமையில் பெரும்பாலும் வினைபுரிவது அந்தப் புரதம்தான், கொழுப்பு அல்ல. பால் சேராத பொருளை ‘சீஸ்’ என்ற பெயரில் விற்கக்கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. ஆனால் பெயரை மாற்றிவிட்டால் கேசின் மறைந்துவிடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பால், முட்டை, கோதுமை உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய தகவலை உணவகங்களும் தர வேண்டும் என்ற விதி 2014 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. எந்த நாட்டில் இருந்தாலும், வாய்மொழிப் பதிலை நம்பாமல் எழுத்தில் உள்ளதைக் கேட்டுப் பாருங்கள். ஒரே மேசையில் ஒரே கையால் சீஸ் தூவும் சமையலறையில் ‘சீஸ் இல்லாத’ பீட்சாவிலும் துகள் விழும் என்பதையும் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.