கூடைப்பந்து கேள்வி–பதில்: மாவித் தோல்விகளுக்குப் பிறகு யூகான்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழக (சுருக்கமாக யூகான்) அணியைப் பற்றியவை. பதில்கள் எல்லாம் டிசம்பர் 14, 2024 அன்று நடந்த கொன்சாகா ஆட்டம் வரைக்குமான நிலவரத்தை வைத்து எழுதியவை. அன்றைய கணக்குப்படி யூகான் ஆண்கள் அணிக்கு 8 வெற்றி, 3 தோல்வி.

கேள்வி: தொடர்ந்து இரண்டு வருடம் சாம்பியன். ஹவாயின் மாவித் தீவில் நடந்த போட்டியில் மூன்று நாளில் மூன்று தோல்வி. பிறகு வரிசையாக நான்கு வெற்றி. இது நல்ல அணியா, இல்லையா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். (ஹார்ட்ஃபோர்ட் வாசகர்)

நல்ல அணிதான். ஆனால் பாதி ஆட்டத்தில் மட்டும். பந்து நம் கையில் இருக்கும்போது நாட்டிலேயே சிறந்த சில அணிகளில் ஒன்று. பந்து எதிரணியிடம் போனதும் என் நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிடுகிறது.

இந்த சீசனின் முதல் நான்கு ஆட்டங்களை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. சேக்ரட் ஹார்ட், நியூ ஹாம்ப்ஷயர், லெ மோய்ன், ஈஸ்ட் டெக்சஸ் ஏ அண்ட் எம். நான்கிலும் முப்பது புள்ளிக்கு மேல் வித்தியாசம். இந்த ஆட்டங்களில் நம் பையன்கள் உயரத்தாலும் வேகத்தாலும் ஜெயித்துவிடுவார்கள், தப்பான இடத்தில் நின்றாலும் தப்பு வெளியே தெரியாது. போன வருடத்திலிருந்து தொடர்ந்து 17 வெற்றி என்ற எண்ணோடு அணி மாவிக்கு விமானம் ஏறியது. அந்த எண்ணில் பதின்மூன்று போன வருடத் தொடக்க ஐவர் ஆடி வாங்கியவை. டிரிஸ்டன் நியூட்டன், கேம் ஸ்பென்சர், ஸ்டெஃபன் காஸில், டானவன் கிளிங்கன் நால்வரும் தொழில்முறை லீக்கான என்பிஏவுக்குப் போய்விட்டார்கள். தொடக்க ஐவரில் மிஞ்சியவர் அலெக்ஸ் கராபன் ஒருவர்தான்.

போனவர்கள் எடுத்த புள்ளிகளுக்கு மாற்று கிடைத்துவிட்டது. கிடைக்காதது வேறு. காஸில் எதிரணியின் சிறந்த கார்டை, அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு வருபவரை, ஆட்டம் முழுக்க முன்னால் நின்று மறித்தார். அவரைத் தாண்டி யாராவது வந்தால் பின்னால் 7 அடி 2 அங்குல உயரத்தில் கிளிங்கன் இருந்தார். கிளிங்கன் குதிக்கக்கூட வேண்டாம், கையைத் தூக்கி நின்றால் போதும், வந்தவர் பந்தை வெளியே அனுப்பிவிடுவார். அந்த இரண்டு பேர் இருந்ததால் மற்ற மூவரும் அவரவர் ஆளை விட்டு நகரத் தேவையே இருக்கவில்லை.

இந்த வருடம் முன்னால் இருப்பவரைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டியதும், கிளிங்கன் இடத்தில் ஆடும் சாம்சன் ஜான்சன் உதவிக்கு ஓடி வருகிறார். நல்ல துள்ளல் உள்ளவர், நல்ல மனசுக்காரர், ஆனால் அரை நொடி தாமதமாக வருகிறார். அந்த அரை நொடியில் ஒன்று ஃபவுல் (விதிமீறல்) ஆகிறது, இல்லையென்றால் மூலையில் ஒருவர் மறிக்க ஆளில்லாமல் நின்று தூரத்திலிருந்து மூன்று புள்ளி எறிகிறார். மாவியில் நடந்தது இதுதான், மூன்று நாளும் இதேதான்.

மாவியில் முதல் நாள் மெம்ஃபிஸ் அணி 22 மூன்று புள்ளி முயற்சிகளில் 12ஐப் போட்டது. அதில் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். எதிராளி எறிந்தது உள்ளே விழுவது நம் கையில் இல்லை. எத்தனை பேரை நிம்மதியாக எறிய விடுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. ஃபவுலுக்குப் பதிலாக யாரும் மறிக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு எத்தனை தடவை அனுப்புகிறோம் என்பது முழுக்க முழுக்க நம் கையில். அதனால்தான் மூன்று புள்ளிகளைவிட ஃபவுல்கள்தான் என்னை அதிகம் வதைக்கின்றன.

அப்புறம் வந்த வெற்றிகள் நிஜமானவை, குறைத்துச் சொல்ல மாட்டேன். பெய்லரை 76-72, ஆஸ்டினுக்கே போய் டெக்சஸை 76-65, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கொன்சாகாவை 77-71. இப்படி மூன்று ஆட்டம் பதினோரு நாளுக்குள் ஜெயிப்பது பெரிய விஷயம். ஆனால் இவற்றில் இரண்டு, கடைசி நிமிடங்களில் நாம் புள்ளி எடுத்துக்கொண்டே இருந்ததால் தப்பியவை. டிஃபென்ஸ் (தடுப்பாட்டம்) சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: மெம்ஃபிஸ் ஆட்டத்தை நடுவர்தானே கெடுத்தார்? மக்னீலி மேல் கொடுத்த அந்த ஃபவுல் அநியாயம் இல்லையா? (நியூ ஹேவன் வாசகர்)

ஓவர்டைமில், அதாவது கூடுதல் நேரத்தில், சுமார் 40 நொடி மிச்சம், ஸ்கோர் சமன். தவறிய பந்துக்கு நம் லியம் மக்னீலி எகிறினார், எதிராளியின் முதுகு மேல் ஏறினார் என்று விசில். நான் அதை மெதுவாக ஓட்டியும் பார்த்தேன். அந்த நேரத்தில் அந்த ஃபவுலை நான் கொடுத்திருக்க மாட்டேன்.

ஆனால் அதோடு நிற்கவில்லையே. கோச் டான் ஹர்லி தரையில் மல்லாந்து விழுந்தார், நடத்தைக்காகக் கொடுக்கும் டெக்னிக்கல் ஃபவுல் வாங்கினார். மெம்ஃபிஸின் பிஜே கார்ட்டர் நான்கு ஃப்ரீ த்ரோ எறிந்தார், நான்கும் உள்ளே. முடிவு 99-97. இரண்டு புள்ளியில் தோற்ற ஆட்டத்தில் இரண்டு புள்ளியை நாமே எடுத்து நீட்டியிருக்கிறோம். அதற்கு முன்னால் பின்தங்கிக் கிடந்த அணியைப் பையன்கள் தூக்கி நிறுத்தினார்கள், ஸோலோ பால் கடைசி நொடிகளில் ஒரு மூன்று புள்ளி போட்டுத்தான் ஓவர்டைமே வந்தது. அந்த உழைப்புக்குப் பெரியவர் ஒருவர் பொறுமை காட்டியிருக்க வேண்டும். ஹர்லி மேல் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு. 2018இல் அவர் வந்தபோது இந்த அணி எந்த நிலையில் கிடந்தது என்று பார்த்தவன் நான். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

மறுநாள் கொலராடோவிடம் 73-72. அவர்களின் யாகிமோவ்ஸ்கி நிலை தடுமாறியபடி எறிந்தது விழுந்துவிட்டது. அந்தத் தோல்விக்கு நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் டேட்டனிடம் 85-67. அதுதான் மோசமானது. அன்று கால்களும் ஓடவில்லை, மனமும் ஓடவில்லை. கராபன் தரையில் தலை அடிபட விழுந்தபோது எனக்கு ஸ்கோர் மறந்தே போனது.

கேள்வி: மகள் யூகான் இருக்கும் ஸ்டோர்ஸில் முதலாம் ஆண்டு. அவளோடு பேச வேண்டும் என்றே ஆட்டம் பார்க்க ஆரம்பித்தேன். எல்லோரும் ஃபவுல் ஃபவுல் என்கிறார்கள். ஐந்து ஃபவுலானால் வெளியே என்பது மட்டும் புரிகிறது. வேறு என்ன? (க்ளாஸ்டன்பரி வாசகி)

நல்ல காரணத்துக்காகப் பார்க்கிறீர்கள், விடாமல் பாருங்கள்.

ஆண்கள் கல்லூரி ஆட்டம் இருபது நிமிடம் வீதம் இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியிலும் அணியின் மொத்த ஃபவுல்களை எண்ணுவார்கள். ஏழாவதிலிருந்து எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. அது விழுந்தால்தான் அடுத்தது. பத்தாவதிலிருந்து நிச்சயமாக இரண்டு. ஆகவே பாதி தொடங்கிய எட்டாவது நிமிடத்திலேயே ஏழு ஃபவுல் செய்த அணி, மிச்சம் பன்னிரண்டு நிமிடமும் பயந்து பயந்து ஆட வேண்டும். அதோடு, முதல் பாதியில் இரண்டு ஃபவுல் வாங்கிய வீரரைப் பெரும்பாலான கோச்சுகள் உட்கார வைத்துவிடுவார்கள். ஜான்சனுக்கு இந்த வருடம் அடிக்கடி நடப்பது இது. அவர் உட்கார்ந்தால் டாரிஸ் ரீட் வருகிறார். மிச்சிகனிலிருந்து வந்தவர், அகலமான உடல், கூடைக்கடியில் கிடைத்த பந்தை விடமாட்டார். ரீபவுண்டில், அதாவது தவறிய பந்தைப் பிடிப்பதில், ஜான்சனைவிட எனக்கு இவரைத்தான் பிடிக்கும். அவருக்கும் அதே ஃபவுல் வியாதி உண்டு என்பதுதான் கவலை.

பெண்கள் ஆட்டம் பத்து நிமிடம் வீதம் நான்கு கால் பகுதி. ஃபவுல் கணக்கும் வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது குழம்ப வேண்டாம்.

கேள்வி: புதிதாக வந்தவர்களில் யார் தேறுவார்கள்? மஹானியைப் பற்றி ஏன் யாருமே பேசுவதில்லை? (ஸ்டாம்ஃபோர்ட் வாசகர்)

மக்னீலி தேறிவிட்டார். மான்ட்வெர்ட் பள்ளியில், எல்லோரும் பேசும் இளம் வீரர் கூப்பர் ஃப்ளாக்கோடு சேர்ந்து ஆடியவர். முதலாம் ஆண்டுப் பையன் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கொன்சாகாவுக்கு எதிராக 26 புள்ளி எடுத்தார். புள்ளிகளைவிட எனக்குப் பிடித்தது, ஒரு எறிதல் தவறினாலும் அடுத்ததை அவர் தயங்காமல் எறிந்ததுதான். மாவியில் கடைசி நிமிட விசில் அவர் மேல் விழுந்தது. மூன்று வாரத்துக்குள் கடைசி நிமிடப் பந்தை ஹர்லி அவர் கையிலேயே கொடுக்கிறார். பதினெட்டு பத்தொன்பது வயதில் அது லேசான காரியம் இல்லை.

ஸோலோ பால் புதியவர் இல்லை, ஆனால் இந்த வருட ஆட்டம் புதிது. போன வருடம் பெஞ்சிலிருந்து வந்து கைகள் நடுங்க எறிந்தவர். இப்போது ஸ்க்ரீனை (எதிராளியின் வழியை மறித்து நிற்கும் சக வீரரை) சுற்றி ஓடி வரும்போதே கால்கள் கூடையைப் பார்த்துத் திரும்பிவிடுகின்றன, பந்து வந்ததும் எறிகிறார். யாரோ கோடை முழுக்க அவரோடு உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள்.

ஏடன் மஹானி விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. செயின்ட் மேரீஸில் முக்கிய ஸ்கோரராக இருந்தவர். அங்கே பந்தைக் கையில் வைத்துத் தட்டித் தட்டி, தானே இடம் உண்டாக்கிக்கொண்டு எறிவார். ஹர்லியின் ஆட்டத்தில் பந்து ஒரு கையில் அதிக நேரம் தங்காது. ஒருவர் ஓடுவார், ஒருவர் ஸ்க்ரீன் வைப்பார், ஸ்க்ரீன் வைத்தவரே திரும்பி ஓடுவார், ஐந்து பேரும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அதோடு டிஃபென்ஸில் வேறு அவரைத் தேடிப் பிடித்துத் தாக்குகிறார்கள். அவருக்குக் கிடைக்கும் ஆட்ட நேரம் குறைந்துகொண்டே வருகிறது. திறமை இல்லாதவர் அல்ல. ஜனவரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நம்பி கொடுத்தால், ஹஸன் டியாராவுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். போன வருடம், யூகான் ஆடும் கான்ஃபரன்ஸான (லீக்கான) பிக் ஈஸ்ட்டின் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர், அதாவது பெஞ்சிலிருந்து வருபவர், விருது வாங்கிய டியாரா இப்போது முழுநேர பாயிண்ட் கார்ட், பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர். முழங்கால் தேய ஓடுகிறார். அவருக்கு ஒரு மாற்று கட்டாயம் வேண்டும்.

கேள்வி: தொடர்ந்து மூன்றாவது கோப்பை வருமா? (பிரிட்ஜ்போர்ட் வாசகர்)

ஆண்கள் ஆட்டத்தில் தொடர்ந்து மூன்று வாங்கிய ஒரே பல்கலைக்கழகம் யூசிஎல்ஏ. ஜான் வுடன் காலத்தில் 1967 முதல் 1973 வரை ஏழு. அதற்கப்புறம் யாருக்கும் வாய்க்கவில்லை. இன்றைய டிஃபென்ஸை வைத்துப் பார்த்தால் வராது என்றுதான் சொல்வேன், சொல்லும்போதே கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் நவம்பரை வைத்து மார்ச்சில் வரும் தேசியப் போட்டியைத் தீர்மானிக்கவும் மாட்டேன். காரணம் நம் அணியின் வரலாறே. 2010இல் கெம்பா வாக்கர் இதே மாவியில் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அப்புறம் பிக் ஈஸ்ட்டில் 9 வெற்றி 9 தோல்வி என்று அணி தடுமாறியது. பிறகு கான்ஃபரன்ஸ் போட்டியில் ஐந்து நாளில் ஐந்து வெற்றி, ஏப்ரலில் தேசிய கோப்பை. 2022-23இல் 14 ஆட்டம் தோல்வியே இல்லாமல் தொடங்கினோம், அடுத்த எட்டில் ஆறு தோற்றோம். அந்த ஜனவரியில் எத்தனை பேர் இந்த அணி அவ்வளவுதான் என்று எழுதினார்கள்! மார்ச் வந்ததும் தேசியப் போட்டியில் ஆறு ஆட்டத்தையும் 13 புள்ளிக்குக் குறையாத வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

அந்த 2023 அணி ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவே திருந்தியது. ஆனால் அங்கே கிளிங்கனும் அடாமா சனோகோவும் கூடைக்கடியில் இருந்தார்கள். இந்த அணி அதே வழியில் திருந்த முடியாது. முன்னால் நிற்பவர்கள் பந்தை மறிக்கக் கற்றுக்கொண்டால்தான் உண்டு. தரவரிசையில் மாவிக்குப் பிறகு 25க்கு இறங்கினோம், கொன்சாகா ஆட்டத்துக்குப் போகும்போது 18. அதைப் பார்த்து நேரம் வீணாக்க வேண்டாம்.

கேள்வி: எப்போதும் ஆண்கள் அணிதானா? (மிடில்டவுன் வாசகி)

நியாயமான கோபம். பெண்கள் அணி கோச் ஜீனோ ஆரியெம்மா நவம்பர் 20 அன்று தன் 1,217ஆவது வெற்றியைப் பெற்று, ஆண்கள் பெண்கள் இரு பிரிவையும் சேர்த்துக் கல்லூரிக் கூடைப்பந்தில் அதிக வெற்றி பெற்ற கோச் ஆகிவிட்டார். அணியின் நட்சத்திரம் பெய்ஜ் பெக்கர்ஸின் கடைசி வருடம் இது. முதலாம் ஆண்டு சாரா ஸ்ட்ராங் ஆடுவதைப் பார்த்தால், நான்காம் ஆண்டு மாணவியின் நிதானம். நோட்டர் டேமிடம் 79-68 என்று தோற்றது உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் இந்த இரண்டு அணிகளில் ஏப்ரல் வரை ஆடும் அணி எது என்று கேட்டால், யோசிக்காமல் பெண்கள் அணி என்பேன். அடுத்த மாதம் அவர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கேள்வி: 18ஆம் தேதி சேவியரோடு பிக் ஈஸ்ட் ஆட்டங்கள் தொடங்குகின்றன. எதைக் கவனிக்க வேண்டும்? (ஹார்ட்ஃபோர்ட், இன்னொரு வாசகர்)

கடிகாரத்தில் மிச்ச நேரம் 16 நிமிடத்துக்குக் கீழே இறங்கியதும் முதல் டிவி இடைவேளை வரும். அதற்குள் ஜான்சனுக்கு எத்தனை ஃபவுல் என்று பாருங்கள். பூஜ்யம் அல்லது ஒன்று என்றால் நிம்மதியாக உட்காரலாம். பிறகு பந்து வைத்திருக்கும் சேவியர் கார்டுக்கு முன்னால் டியாராவின் மார்பு இருக்கிறதா, தோள் இருக்கிறதா என்று பாருங்கள். தோள் தெரிந்தால் தாண்டிவிட்டார் என்று அர்த்தம், உடனே மூலையில் யார் ஆளில்லாமல் நிற்கிறார் என்று கண்ணை ஓட்டுங்கள். கான்ஃபரன்ஸில் இருபது ஆட்டம் இருக்கிறது, ஒவ்வொரு அணியோடும் இரண்டு தடவை. முதல் ஐந்தாறு ஆட்டம் முடிந்ததும் மறுபடி எழுதுங்கள்.