எலும்பெழுத்தில் 'சூரியன்' உருண்டையாக வந்தால்

சீனாவின் ஷாங் அரச மரபுக் காலத்தில் எலும்பிலும் ஆமை ஓட்டிலும் கீறப்பட்ட எலும்பெழுத்தைத் தூரிகையால் எழுதினால் சூரியன் உருண்டையாகிறது, கோட்டு முனைகள் குமிழ்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். பிழை கையில் இல்லை. மூலத்தில் இருப்பது கத்திக் கோடு. மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் ஆமையின் அடியோட்டிலும் கத்தி எளிதில் வளையாது. வட்டம் சிறு நேர்வெட்டுகளாக உடைந்து கோணல் கட்டமாகிவிடும். நீங்களும் ஒரே சுழற்றலில் போடாதீர்கள். நான்கைந்து தனிக் கோடுகளாக, மூலைகளில் சற்றே முட்டவிட்டு எழுதுங்கள்.

குமிழுக்குக் காரணம், பின்னாளைய எழுத்துமுறைப்படி தொடக்கத்தில் தூரிகையை அழுத்துவது. விறைப்பான முடியுள்ள சிறு தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து, மெல்லத் தொட்டு, நடுவில் லேசாக அழுத்தி, மெல்ல எடுங்கள். மை ஊறிப் பரவினால் படிகாரம் பூசிய தாளுக்கு மாறுங்கள்.

கணினி எழுத்துருவைப் பார்த்து எழுதுவது வீண். அதில் கோடெல்லாம் ஒரே தடிமன். மூல எலும்பின் மேல் தாளை ஒற்றி மை தட்டி எடுத்த மைப்படிகளைப் பாருங்கள். ஆனால் அவற்றில் வெட்டைப் போலவே விரிசலும் வெள்ளையாகத்தான் விழும். நிமிர்ந்த கோட்டில் பக்கக்கிளை ஒன்று பிரிந்து, ஓரம் பிசிறாக இருந்தால் அது பெரும்பாலும் குறிகேட்பதற்காக எலும்பில் சூடு வைத்ததில் வந்த குறிவிரிசல். பலர் அதையும் எழுத்தென்று நகலெடுத்துவிடுகிறார்கள்!

சீன அறிஞர் தொங் ட்சுவோபின் 1933இல் எலும்பெழுத்துக்கு வகுத்த ஐந்து காலங்களில் முதலாவதான, வூ டிங் அரசரின் காலத்தில் பெரிய, துணிச்சலான எழுத்துகள் உண்டு. அங்கே தொடங்குங்கள். கடைசிக் காலத்துப் பொடி எழுத்தை அதோடு கலந்தால் பக்கம் ஒட்டாது.