நெற்றிக் கோட்டுக்கு மெடிக்கல் ட்யூப் மருந்தல்ல

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. நெற்றியில் ஒரு பக்கம் கோடு போலத் தோல் பளபளத்துப் பள்ளமாகிறது. அதே கோட்டில் முடியும் கொட்டுகிறது. மெடிக்கல்காரர் கொடுத்த ட்யூபை ஆறு மாதமாகத் தடவுகிறோம். குஷ்டமா, ஒட்டுமா?
– ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மார்பியா போலிருக்கிறது, அதாவது ஓரிடத்தில் மட்டும் தோல் இறுகும் ஸ்கெலிரோடெர்மா. உறுதியாகச் சொல்ல நேரில் தொட்டுப் பார்க்க வேண்டும். மார்பியா என்றால் அது குஷ்டமல்ல, ஒட்டாது. நுரையீரலைத் தாக்கும் ஸ்கெலிரோடெர்மா வேறு நோய். நெட்டில் அதைப் படித்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த ட்யூபை முதலில் நிறுத்துங்கள். தூக்கி எறியாமல் டாக்டரிடம் காட்டுங்கள். இப்படிக் கொடுப்பது பெரும்பாலும் பூஞ்சை மருந்தோடு கடுமையான ஸ்டீராய்டு கலந்த சரக்கு. சீட்டில்லாமல் எந்தத் தெருவிலும் கிடைக்கிறது, கேட்பாரில்லை. நோய் எலும்பு வரை ஆழத்தில் வேலை செய்யும். ட்யூபோ மேல்தோலைத்தான் மெலிய வைக்கும்.

ஓரம் ஊதாவாக இருந்தாலோ கோடு நீண்டாலோ நோய் இன்னும் ஓடுகிறது என்று பொருள். அப்போது உடலின் மிகையான எதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து வேண்டும். உடல்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு வாரம் 15 மி.கி. கணக்கு, வாரத்துக்கு மொத்த உச்சம் 25 மி.கி. கூடவே ஃபோலிக் ஆசிட். முதல் இரண்டு மூன்று மாதம் ஸ்டீராய்டு மாத்திரையும் சேரும், அதைப் படிப்படியாகக் குறைப்பார்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே நாள். தினமும் கொடுத்தால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. கவரில் அவசரமாக '1-0-0', அதாவது தினமும் காலையில் ஒன்று, என்று கிறுக்கித் தருகிறார்கள். நீங்களே 'ஞாயிறு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள். வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் டாக்டரிடம் போங்கள். ரத்த அணு, ஈரல் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். பலன் தெரியவே மாதங்கள் ஆகும். நோய் அடங்கிய பிறகும் குறைந்தது ஒரு வருடம் தொடர வேண்டும்.

நெற்றியில் வந்தால் கண் டாக்டர் ஸ்லிட் லாம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவி) பார்த்தே ஆக வேண்டும். வலியோ சிவப்போ இல்லாமலும் உள்ளே அழற்சி இருக்கலாம். வலிப்பு, விடாத தலைவலி என்றால் மூளை எம்ஆர்ஐ. தோலுக்கு ஒரு நாள், மூட்டுவாதத்துக்கு ஒரு நாள், கண்ணுக்கு ஒரு நாள் என ஒரே குழந்தையை அலையவிடும் ஓபி முறை என்றைக்குத்தான் மாறுமோ! ஸ்டான்லியோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையோ, முதல் நாளே மற்ற துறைகளுக்கும் சீட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

பெரியவர்களுக்கு இதே மார்பியா வயிறு, முதுகில் தட்டையாக வருவதற்குப் பெரும்பாலும் களிம்பும் ஒளிச் சிகிச்சையும் போதும்.

'லேசரில் கோட்டை அழிக்கிறோம், கொழுப்பு ஊசி போட்டுப் பள்ளத்தை நிரப்புகிறோம்' என்று கமிஷனுக்கு ஆள் பிடிப்பவர்கள் வருவார்கள். ஓடும் நோயின் மேல் ஊசி போட்டால் காசுதான் போகும், பள்ளம் திரும்ப விழும். கொழுப்பு ஊசியே தப்பு என்று சொல்லவில்லை. மருந்து நிறுத்தி, வருடக்கணக்கில் கோடு அசையாமல் இருந்து, முக வளர்ச்சியும் முடிந்திருந்தால் பிளாஸ்டிக் சர்ஜனிடம் தாராளமாகக் கேட்கலாம். அசையவில்லை என்பதற்கு மாதாமாதம் ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோதான் சாட்சி. முதல் போட்டோவை இன்றே எடுங்கள்.